பதினோராம் தட்டு

என்ன வேலை தம்பி உனக்கு என்று கேட்கிறார்கள்.
கப்பலில் ஆட்களைச் சும்மா இருக்கவிடாமல் பார்க்கிறது
என்கிறேன்.
சிலாவத்தையில் இதை விளங்கப்படுத்துவது லேசல்ல.
"சும்மா இருக்கத்தானே காசு கட்டிப் போறாங்கள்?"
மங்களேஸ் அக்கா கேட்டாள்.
மேலாளரிடம் ஏழு மாதமாக நான் கேட்கத் துணியாத கேள்வி.

காலை ஆறரைக்குக் கூன் நிமிர்த்தும் பயிற்சி.
எட்டுக்குத் துவாயைக் குரங்காக மடிக்கும் வகுப்பு.
பத்துக்கு, நீச்சல் குளத்தில் வயிறடிபட விழும் போட்டி:
யாருடைய வயிறு பெரிதாகச் சத்தம் போடுகிறதோ
அவருக்குப் பதக்கம்.
நடுவர் நான்தான். இலக்கம் எழுதிய பலகையைத் தூக்குவேன்.
போன மாசியில் வென்றவர் ஓய்வுபெற்ற நீதிபதி,
இறங்கும்வரை பதக்கத்தைக் கழற்றவேயில்லை.

பதினோராம் தட்டில் குளம்.
குளத்துக்குள் மிசின் போடும் அலை.
அந்த அலையில் நிற்கப் பழகுவார்கள்,
விழுந்தால் தூக்கிவிடவும் நான்.
எமிலியாம்பிள்ளை வலையிலிருந்து கையெடுத்தார்.
"கீழ கிடக்கிற அலை காணாதாமோ?"
அன்று விடிய நாயாற்றில் அவர் வள்ளத்தைப் புரட்டியது
முழங்காலில் இன்னும் உப்பாக இருந்தது.

முதல்நாள் எல்லோருக்கும் ஒத்திகை.
ஏழு குறுஞ்சங்கு, ஒரு நெடுஞ்சங்கு.
செம்மஞ்சள் அங்கியை மாட்டிக்கொண்டு
சிரித்துச் சிரித்துப் படம் எடுப்பார்கள்.
அந்த நேரம் மட்டும் எனக்குச் சிரிப்பு வராது.
அதற்காக ஒருமுறை எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

செவ்வாய்க்கிழமை வேம்பின்கீழ் லோன் கூட்டம்.
பத்து மணி என்றால் பன்னிரண்டுக்கு வருவான் லோன்காரப் பெடியன்.
இருபத்துமூன்று பெண்கள்.
ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும்,
ஆகவே ஒருத்தியும் எழும்பமாட்டாள்.
சும்மா இருந்தார்கள்.
எனக்குக் கை கடித்தது.

கொப்பித் தாளைக் கிழித்துக் கட்டம் கீறினேன்.
காய்க்குப் புளியங்கொட்டை.
துண்டெழுதிய இலக்கங்கள் என் தொப்பிக்குள்.
மைக்குக்கு வெறும் சோடாப் போத்தல்.
கப்பலில் ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு பட்டம் உண்டு என்றேன்.
உடனே தொடங்கிவிட்டார்கள்.
எட்டு: சனியன்.
பதினேழு: வராத பஸ்.
அறுபத்தாறு: சறோவின்ர மனுசன்ர வயசு,
அந்தாள் ஐம்பது எண்டுதான் சொல்லுறது.
ஒன்பதுக்கு ஒருவரும் பெயர் வைக்கவில்லை.

"நானும் கப்பலேறினனான்," என்றாள் புஸ்பமலர்,
காயை வைத்தபடி.
"மாத்தளன்ல இருந்து. இந்தக் காலோட."
"அதில என்ன விளையாட்டு வச்சவை, மாமி?"
கேட்டது ஒரு சின்னப் பிள்ளை. தாய் அதன் தொடையில் கிள்ளினாள்.
"எண்ணுறது," என்றாள் புஸ்பமலர்.
"காலமை எண்ணினா ஒரு கணக்கு.
பின்னேரம் எண்ணினா வேற கணக்கு."
பிறகு என்னைப் பார்த்தாள்.
"அடுத்த நம்பரைக் கூப்பிடன் தம்பி."
கூப்பிட்டேன். நாற்பத்தொன்று.
என் குரல் கப்பல் குரலாக இல்லை.

இரண்டாவது ஆட்டம் பாதியில் நிற்க
மோட்டார் சைக்கிள் வந்தது.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே பெடியன் புத்தகம் விரித்தான்.
"மங்களேஸ்வரி. ஆயிரத்து எண்ணூற்று நாற்பது."
"பிங்கோ!" என்று கத்தினாள் மங்களேஸ் அக்கா.
வேம்பில் இருந்த காகங்கள் எழும்பிப் போயின.
சிரிப்பு அடங்க நேரமெடுத்தது.
தான் என்ன பிழை விட்டேன் என்று
அவன் புத்தகத்தை இருமுறை கூட்டிப் பார்த்தான்.
கட்டத்தான் கட்டினார்கள், எல்லோரும்,
சில்லறையாக, சீலைத் தலைப்பிலிருந்து.

முதல் ஆட்டத்தில் வென்றது சறோ.
பரிசு, கப்பல் படம் போட்ட சாவிக்கோர்வை.
அவளுடைய திட்ட வீட்டுக்கு இன்னும் கதவு போடவில்லை.
ஆட்டின் கழுத்தில் கட்டிவிட்டாள்.
நேற்றுப் பின்னேரம் கண்டேன்:
எங்கள் கப்பல், பன்னிரண்டு தட்டும் மினுங்க,
முல்லைத்தீவு றோட்டைக் குறுக்கே கடந்து
யாருடையதோ மரவள்ளிக்குள் போனது.